மாசியில் டெல்லி: கொங்கு நாட்டிலிருந்து கிளம்புவோர் கேட்கும் கேள்விகள்

நம் பக்கத்தில் டெல்லிச் சுற்றுலா என்றாலே மே மாதம்தான். பள்ளிக்கூடம் விட்டதும் குடும்பத்தோடு கிளம்பி, வெயிலில் வெந்து, பாதி இடம் பார்த்துத் திரும்புகிறோம். தலைநகரத்துக்கு நல்ல நேரம் மாசியும் பங்குனியின் முதல் பாதியும். அதாவது பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் கடைசி வரை. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உறவுக்காரர்களும் தெரிந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே பதிலோடு தொகுத்திருக்கிறேன்.

மே மாதம் போனால் அப்படி என்ன கெட்டுவிடும்?

மே, ஜூனில் டெல்லி வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ராஜஸ்தான் பக்கமிருந்து "லூ" என்ற அனல்காற்று வீசும். செங்கோட்டை, குதுப்மினார் போன்றவை எல்லாம் திறந்தவெளி. காலை பத்து மணிக்கு மேல் அங்கே தரையில் கால் வைக்க முடியாது. அதைவிடப் பெரிய நஷ்டம், தோட்டங்கள் முடிந்து போயிருக்கும். குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம் வசந்தத்தில்தான் முழுப் பூப்பில் திறக்கும். குளிர்காலம் என்றால் டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயிலும் விமானமும் தாமதமாகும்; காற்றும் மோசமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது ஏறக்குறைய ஆறு வாரம். அதைப் பிடிப்பதற்காகப் பிள்ளைகளுக்கு நான்கு நாள் லீவு போட்டாலும் தப்பில்லை என்பது என் கருத்து. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் பரீட்சை முடியட்டும்.

பிப்ரவரியா, மார்ச்சா? ஸ்வெட்டர் வேண்டுமா?

பிப்ரவரி நடுவில் பகலில் 24, 25 டிகிரி, விடிகாலையில் 10, 12 டிகிரி இருக்கும். மார்ச்சில் பகல் 30-ஐத் தொடும், இரவு இதமாக இருக்கும். பிப்ரவரியில் போகிறவர்களுக்கு ஸ்வெட்டரும் சாக்ஸும் கட்டாயம். ஊட்டிக்கு எடுத்துப் போகிற துணி போதும். மார்ச் பாதிக்கு மேல் ஒரு மெல்லிய சால்வை இருந்தால் சரி. ஒரே ஒரு வாரம்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் பிப்ரவரி கடைசி வாரத்தைச் சொல்வேன். டூலிப், ரோஜா, இலவம்பூ மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க வாய்ப்பு அப்போதுதான் அதிகம்.

அப்போது மஞ்சள் வெட்டு இருக்குமே, நோன்பும் சாட்டிவிடுவார்களே?

நியாயமான கேள்வி. ஈரோடு, கோபி, அந்தியூர்ப் பக்கம் மஞ்சள் வெட்டி, வேகவைத்து, காயப்போடுகிற வேலை தை முதல் பங்குனி வரை இழுக்கும். மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, கம்பம் நட்டுவிட்டால் வெளியூர் போய் இராத்தங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிற ஊர்களும் நிறைய. கோவையில் கோனியம்மன் தேர் மாசியில். பண்ணாரி குண்டம் பங்குனியில். ஆகவே முதலில் உங்கள் ஊர் நோன்பு எப்போது சாட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள். மாசி முதல் வாரத்தில் போய்விட்டு வந்தால் பெரும்பாலான ஊர்களில் நோன்பு இடிக்காது. வெட்டு வேலை இருக்கிற வீட்டில், ஆள் மாற்றிக்கொண்டு இரண்டு குழுவாகப் போய் வந்தவர்களும் உண்டு.

ரயிலா, விமானமா?

கேரளா எக்ஸ்பிரஸ் தினமும் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாகப் புது டெல்லி போகிறது. இரவு ஏறினால் நடுவில் ஒரு முழுப் பகல், இன்னோர் இரவு தாண்டி மறுநாள் மதியம் வாக்கில் இறங்கலாம். வாரம் ஒருமுறை கோவையிலிருந்து ஹஸ்ரத் நிஜாமுதீன் வரை கொங்கு எக்ஸ்பிரஸ் உண்டு. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் தொடங்கும். தொடங்குகிற அன்றே போடுவது நல்லது.

கோவையிலிருந்து நேரடி விமானத்தில் மூன்று மணி நேரம். மூன்றாவது முனையத்தில் இறங்கினால் விமான நிலைய எக்ஸ்பிரஸ் மெட்ரோ இருபது நிமிடத்தில் புது டெல்லி ரயில் நிலையத்தில் விடும். வயதானவர்கள் இருந்தால் போகும்போது விமானம், வரும்போது ரயில் என்று வைத்துக்கொள்ளலாம். போய் இறங்கிய அன்றே களைப்பில்லாமல் சுற்ற முடியும்.

குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தை எப்படிப் பார்ப்பது?

இதற்காகவே மாசியில் போகச் சொல்கிறேன். முகல் தோட்டம் என்று முன்பு அழைத்த இந்தப் பூந்தோட்டத்துக்கு 2023 ஜனவரியில் அம்ரித் உத்யான் என்று பெயர் மாற்றினார்கள். பொதுவாகப் பிப்ரவரி முதல் வாரத்தில் தொடங்கி மார்ச் கடைசி வரை திறந்திருக்கும். திங்கட்கிழமை விடுமுறை. நுழைவு இலவசம். குடியரசுத் தலைவர் மாளிகையின் இணையதளத்தில் நாளும் நேரமும் குறித்து முன்பதிவு செய்துகொண்டால் வரிசையில் நிற்கிற நேரம் மிச்சம். வடக்கு அவென்யூ பக்கம் இருக்கிற 35-ஆம் எண் வாசல் வழியாக விடுகிறார்கள். பக்கத்து மெட்ரோ நிலையம் சென்ட்ரல் செக்ரடேரியட். திறந்திருக்கும் நாட்களில் அங்கிருந்து வாசல் வரை பேருந்தும் விடுகிறார்கள். மொபைல், சிறிய கைப்பை, குழந்தைக்குப் பால் பாட்டில் எடுத்துப் போகலாம். கட்டுச்சோற்றை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சுமார் 15 ஏக்கர். மாளிகையைக் கட்டிய எட்வின் லட்யன்ஸ்தான் தோட்டத்துக்கும் வரைபடம் போட்டார். 1928, 1929-இல் செடிகளை நட்டு வளர்த்தவர் மஸ்டோ என்ற தோட்டக்கலை அதிகாரி. காஷ்மீர்த் தோட்டங்களில் இருப்பதுபோலக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நீர்க்கால்கள், அவை சந்திக்கிற இடங்களில் தாமரை வடிவ நீரூற்றுகள். அதைத் தாண்டினால் ரோஜாக்கள் நிறைந்த நீளத் தோட்டம், கடைசியில் படிப்படியாகக் கீழே இறங்கும் வட்டத் தோட்டம். ரோஜாவில் மட்டும் 150-க்கு மேல் வகை. கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். வட்டத் தோட்டத்தில் ஓரமாக ஒதுங்கி நின்று பத்து நிமிடமாவது பாருங்கள். வாரநாளில் காலை முதல் நேரத்தைப் பதிவு செய்தால் இது எளிது.

மாளிகைக் கட்டடத்தின் உள்ளே பார்க்கத் தனி முன்பதிவும் கட்டணமும் உண்டு. 340 அறை கொண்ட வீடு. சுதந்திரத்துக்குப் பிறகு கவர்னர் ஜெனரலாக அங்கே குடிவந்த முதல் இந்தியர் ராஜாஜி. ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, 1925-இல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். வைஸ்ராய்கள் புழங்கிய ஆடம்பர அறைகள் தனக்கு வேண்டாம் என்று சிறிய பகுதிக்கு மாறிக்கொண்டார். அதன் பிறகு வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தப் பகுதியில்தான் குடியிருக்கிறார்கள். நாட்டில் உணவுப் பஞ்சம் இருந்த நேரத்தில் வளாகத்து நிலத்தில் தானே ஏர் பிடித்து உழுது, ஒரு பகுதியைத் தானியம் விளைவிக்க ஒதுக்கினார். பூவைப் பார்க்கப் போகிற நம் விவசாயக் குடும்பங்கள் இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை. அப்துல் கலாம் இருந்த காலத்தில் மூலிகைத் தோட்டமும், கண் தெரியாதவர்கள் தொட்டும் முகர்ந்தும் அறிகிற தோட்டமும் சேர்ந்தன. 2023-இல் மார்ச் 28-ஆம் தேதியை விவசாயிகளுக்கென்றே தனியாக ஒதுக்கினார்கள். இப்படிச் சிறப்பு நாட்கள் ஒவ்வோர் ஆண்டும் மாறுவதால் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டூலிப் பூக்களை மாளிகையில் மட்டும்தான் பார்க்க முடியுமா?

இல்லை. புது டெல்லி மாநகராட்சி சாணக்யபுரியில் சாந்தி பத் சாலை ஓரம் முழுக்க நடுகிறது. கன்னாட் பிளேஸ் நடுப் பூங்காவிலும் பார்க்கலாம். கிழங்குகளில் பெரும்பகுதி நெதர்லாந்திலிருந்து வருகிறது. பூ இரண்டு மூன்று வாரம்தான் நிற்கும். வெயில் ஏறினால் சட்டென்று உதிர்ந்துவிடும். மார்ச் பத்தாம் தேதிக்கு மேல் போகிறவர்கள் டூலிப்பை நம்பிப் போக வேண்டாம்.

தோட்டக்கார வேலையாக இல்லாமல், ஊரே பூத்திருக்கும் என்கிறார்களே?

டெல்லி வசந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இலவ மரம் ஓர் இலைகூட இல்லாமல் கைப்பிடி அளவு சிவப்புப் பூவாகப் பூத்து நிற்கும். அடியில் தேன் குடிக்க வந்த மைனாவும் காக்கையும் உதிர்த்த பூக்கள் தரை முழுக்கக் கிடக்கும். ஊருக்கு வெளியே காட்டுப் பகுதிகளில் நம் பொரசம்பூவும் அதே நேரத்தில் பூக்கும். வேம்பும் அரசும் பழைய இலையைக் கொட்டிவிட்டுச் செந்தளிர் விடும். பூக்காலமும் இலையுதிர் காலமும் ஒன்றாக வருகிற ஊர் அது.

புது டெல்லிச் சாலைகளில் ஒவ்வொரு சாலைக்கும் ஒரு மரம் என்று திட்டமிட்டு நட்டார்கள். ஜன்பத்தில் நீர்மருது, அக்பர் சாலையில் புளி, கர்தவ்ய பத் புல்வெளியில் நாவல். எல்லாமே நமக்குத் தெரிந்த மரங்கள். சேலம்–கோவை நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது நாம் இழந்த புளிய மரங்களை நினைத்தால், அங்கே அவை இன்னும் நிழல் தருவதைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் அந்தச் சாலைகளில் சும்மா நடந்துவிட்டு வாருங்கள்.

மரமும் கட்டடமும் ஒருசேர வேண்டும் என்றால் லோதி தோட்டம். 90 ஏக்கர், கட்டணம் கிடையாது, விடியும்போதே திறந்துவிடும். ஜோர் பாக் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். 15, 16-ஆம் நூற்றாண்டுச் சையது, லோதி அரசர்களின் கல்லறைகள் புல்வெளி நடுவே நிற்கின்றன. 1936-இல் இங்கிருந்த கிராமத்தை அகற்றித்தான் பூங்காவாக்கினார்கள். எட்டுத் தூண் கொண்ட பழைய பாலம் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் கிளிகளும் இருவாச்சிப் பறவைகளும் கண்ணில் படும். டெல்லியில் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் கோட்டைக்கு அனுப்பமாட்டேன், இங்கேதான் அனுப்புவேன்.

கோட்டை, கோபுரம் எல்லாம் பார்க்காமல் வருவதா? எதை விடலாம்?

ஹுமாயூன் கல்லறையை விடாதீர்கள். 1570 வாக்கில் முடிந்த கட்டடம், தாஜ்மகாலுக்கு முன்னோடி. நான்கு பாகமாகப் பிரித்த தோட்டத்தின் நடுவே நிற்கிறது. ஒட்டியே 90 ஏக்கரில் சுந்தர் நர்சரி. ஆங்கிலேயர் காலத்து நாற்றுப்பண்ணையைச் சீர்செய்து 2018-இல் திறந்தார்கள். கொஞ்சம் கட்டணம் உண்டு, பிள்ளைகள் ஓடி விளையாட நல்ல இடம். இரண்டையும் சேர்த்து ஒரு மதியம் முழுக்க ஒதுக்கலாம்.

குதுப்மினார் ஏறக்குறைய 73 மீட்டர் உயரம். 1981-இல் உள்ளே நெரிசலில் பலர் இறந்த பிறகு மேலே ஏற விடுவதில்லை. அங்கே இருக்கும் இரும்புத் தூணை நின்று பார்க்க வேண்டும். ஆறு டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்தது, 1,600 ஆண்டாக மழையில் நின்றும் அரித்துப் போகவில்லை. இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாக இருப்பதால் மேலே ஒரு காப்புப் படலம் உண்டாகிவிட்டது என்று உலோகவியலாளர்கள் காரணம் சொல்கிறார்கள். கோவை ஃபவுண்டரிகளில் வேலை பார்க்கிறவர்கள் இதன் முன்னால் வெகுநேரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

செங்கோட்டை பெரியது, நடை அதிகம். நேரம் குறைவாக இருந்தால் வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பேன். தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. மொபைலில் கியூஆர் கோடு மூலம் சீட்டு வாங்கினால் வரிசை மிச்சம்.

திங்கட்கிழமை என்ன செய்வது?

செங்கோட்டை, அம்ரித் உத்யான், அக்ஷர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம் எல்லாம் திங்களன்று மூடல். இது தெரியாமல் ஒரு நாளை வீணாக்குகிறவர்கள்தான் அதிகம். குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம், இந்தியா கேட் திங்களன்றும் திறந்திருக்கும். அன்று காலையில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போங்கள். உத்தர சுவாமிமலை என்று பெயர். 1973-இல் கும்பாபிஷேகம் ஆன முருகன் கோயில். சிறு குன்றின் மேல் கருங்கல்லில் நம்மூர்க் கட்டுமானம். பழனிக்கும் மருதமலைக்கும் நடந்து பழகிய நமக்கு அந்தப் படி ஒன்றும் பெரிதல்ல. பங்குனி உத்திரத்தன்று போக வாய்த்தால் டெல்லித் தமிழர்கள் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

நம் ஊர்க்காரர்கள் தடம் பதித்த இடங்கள் வேறு உண்டா?

உண்டு. 1927-இல் திறந்த வட்ட வடிவப் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். இப்போது அதன் பெயர் சம்விதான் சதன். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-இல் அங்கே தாக்கல் செய்தவர் கோவையில் பிறந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

இன்னொன்று, சுற்றுலாப் பட்டியல் எதிலும் வராத பூசா. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்தபோது, அதிக விளைச்சல் தரும் மெக்சிகோ குட்டை ரகக் கோதுமை இங்கே விளையாது என்று சந்தேகப்பட்டவர்களுக்குக் காட்டுவதற்காகத் தன் டெல்லி பங்களாப் புல்வெளியைக் கொத்தி அந்த விதையை விதைத்தார். 1966-இல் மெக்சிகோவிலிருந்து அந்த ரகத்தில் 18,000 டன் விதை வந்து இறங்கியது. அவருக்குத் துணையாக நின்ற வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் அப்போது பூசாவில்தான் இருந்தார். பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ பூசாவில் மூன்று நாள் உழவர் விழா நடக்கும். கதிர் விட்ட கோதுமை வயலை அப்போது நேரில் பார்க்கலாம். தோட்டம் வைத்திருக்கிறவர்கள் இந்தத் தேதியைப் பார்த்துப் பயணத்தை அமைத்துக்கொண்டால், பார்த்ததில் இதுவே பயனுள்ளது என்று சொல்வீர்கள்.

அப்புச்சி, அமுச்சியைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். காலையில் ஒன்று, மதியம் படுத்து எழுந்து சாயங்காலம் ஒன்று. அம்ரித் உத்யானில் சக்கர நாற்காலி வசதி உண்டு. சுந்தர் நர்சரியும் குதுப்மினாரும் பெரும்பாலும் சமதரை. செங்கோட்டையும் அக்ஷர்தாமும் காலை ஒடித்துவிடும். மெட்ரோவில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. ஆனால் கன்னாட் பிளேஸில் இருக்கிற ராஜீவ் சவுக் நிலையத்தில் காலை, மாலை நேரக் கூட்டத்தில் பெரியவர்களோடு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

சாணக்யபுரியில் தமிழ்நாடு இல்லம் இருக்கிறது, இட்லியும் சாம்பார் சாதமும் கிடைக்கும். ராமகிருஷ்ணபுரத்திலும் கரோல் பாக்கிலும் நம் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. ஆனால் மூன்று வேளையும் இட்லி தேடி அலைவதில் எனக்கு உடன்பாடில்லை. மாசியில் மட்டும் கிடைப்பதைச் சாப்பிட்டுப் பாருங்கள். செங்கேரட் அல்வா, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கில் எலுமிச்சை பிழிந்த சாட், பழைய டெல்லிச் சந்துகளில் விற்கும் தௌலத் கீ சாட். இந்தக் கடைசிப் பண்டம் பாலைக் கடைந்து எடுத்த நுரை. குளிர் இருக்கும் வரைதான் நிற்கும், மார்ச் பிறந்தால் கிடைப்பது கஷ்டம்.

சாந்தினி சவுக்கில் பார்க்க என்ன இருக்கிறது?

அந்தச் சாலையின் மேற்குக் கோடியில், ஃபதேபுரி மசூதியைத் தாண்டினால் காரி பாவ்லி. மசாலா மொத்த வியாபாரத்துக்கு ஆசியாவிலேயே பெரிய சந்தை என்பார்கள். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே மூட்டைகளுக்கு நடுவில் நடக்க வேண்டும். ஈரோடு மஞ்சள் மண்டி பார்த்துப் பழகியவர்களுக்கு, நம் சரக்கு போய்ச் சேர்கிற உலகம் எப்படி இயங்குகிறது என்பது அங்கே புரியும். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். சிறு குழந்தையோடு போக வேண்டாம்.

ஹோலி அன்று மாட்டிக்கொண்டால்?

ஹோலி சில ஆண்டு மாசி மகத்தை ஒட்டி வரும், சில ஆண்டு பங்குனி உத்திரத்தோடு சேரும். அன்று மதியம் இரண்டரை வரை மெட்ரோ ஓடாது, கடைகளும் திறக்காது. விமானமோ ரயிலோ அன்று காலையில் இருந்தால் வண்டியை முந்தின நாளே சொல்லிவையுங்கள். விளையாட ஆசை என்றால் பழைய துணியில், தெரிந்தவர்கள் வீட்டுப் பக்கம் மட்டும். பெண்கள் தனியாகத் தெருவில் இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இந்தி தெரியாது. ஏமாற்றிவிடுவார்களா?

புது டெல்லி ரயில் நிலைய வாசலில் ஒருவர் வந்து "உங்கள் டிக்கெட் ரத்தாகிவிட்டது, சுற்றுலா அலுவலகத்துக்கு வாருங்கள்" என்று அழைத்தால் நிற்காமல் நடங்கள். மற்றபடி, மெட்ரோவும் செயலி வழி ஆட்டோவும் இருக்கும்போது பேரம் பேச வேண்டிய தேவையே குறைவு. மெட்ரோ அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் வரும். "கித்னா" (எவ்வளவு) என்ற ஒரு சொல்லும் விரல் எண்ணிக்கையும் கடைவீதிக்குப் போதும்.

எத்தனை நாள் வேண்டும்? ஆக்ராவையும் சேர்க்கலாமா?

டெல்லிக்கு மட்டும் நான்கு முழு நாள். ஆக்ராவுக்கு ஐந்தாவதாக ஒரு நாள். ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் சுமார் 100 நிமிடத்தில் சேர்க்கும், சாயங்காலம் அதே வண்டியில் திரும்பிவிடலாம். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடல், அந்த ரயிலும் ஓடாது. நான்கு நாளுக்குள் ஆக்ராவையும் திணிப்பதாக இருந்தால் ஆக்ராவை விட்டுவிடுங்கள். தாஜ்மகால் எல்லா மாதமும் இருக்கும், டூலிப்பும் இலவம்பூவும் இருக்காது.